சிவப்பு விளக்கை அணைக்க முடிகிற கேமரா

கேமரா வாங்கப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கவே கூடாது. கடையில் பார்வைக்கு வைத்திருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் தேடாமல் பொத்தானுக்குப் போகிறதா, ஒரு காட்சி முழுக்கக் கை வலிக்காமல் தாங்குமா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதியில்தான் எல்லோரும் குழம்பிப்போகிறார்கள்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஷெரிஃப். ஆரம்பம் இந்தக் கேமராதான். அதை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். காபி நன்றாக இருக்கிறது. இல்லை, இன்னொரு கோப்பை வேண்டாம். இல்லை, உண்மையாகவே வேண்டாம். சரி, மூன்றாம் முறையும் கேட்டுவிட்டீர்கள், பாதிக் கோப்பை ஊற்றுங்கள்.

எங்கள் ஆர்டன் ஃபால்ஸ் சினிமா கிளப் லூத்தரன் தேவாலயத்தின் அடித்தள அறையில் கூடுகிறது. ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். யாருக்கும் சினிமா தொழில் இல்லை. நான் பயிர்க் காப்பீட்டுக் கம்பெனியில் ஆலங்கட்டி மழைச் சேதத்தை மதிப்பிடுகிறவன். சோளக்காட்டில் நின்று, இத்தனை இலை கிழிந்திருக்கிறது, இவ்வளவு நஷ்டம் என்று நிதானமாகச் சொல்வது என் வேலை. கிளப்பில் படங்களை இயக்குவதும் நான்தான். வேறு யாரும் கேட்காததால் அந்தப் பொறுப்பு என்னிடமே இருந்துவிட்டது.

அதுவரை எங்களிடம் இருந்தது தோளில் தூக்கி வைக்கிற பழைய கேமரா. அதில் எல்லாமே கொஞ்சம் மங்கலாகத் தெரியும். எங்கள் பொருளாளர் மெர்ல் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு கடற்கொள்ளைக்காரனாக வந்தால் கடற்கொள்ளைக்காரனாகவே தெரிவான். அந்தக் கேமரா செத்த பிறகு, பான்கேக் விருந்து நடத்திச் சேர்த்த பணத்தை என் கையில் கொடுத்து, நல்ல துல்லியமான ஹெச்.டி. கேமரா ஒன்று வாங்கி வா, விலை கையைக் கடிக்கக்கூடாது என்றார்கள்.

நான் நான்கு விஷயங்களை வைத்துத் தேடினேன். படம் டேப்பில் பதிவாக வேண்டும். மெமரி கார்டு கேமராக்கள் அப்போது புதிதாக வந்திருந்தன, ஆனால் அந்தப் படத்தை எங்கள் கம்ப்யூட்டரில் திறந்தால் அது மூச்சு வாங்கும். டேப் என்றால் மூலப்படம் எப்போதும் நம் அலமாரியில் இருக்கும். இரண்டாவது, தூரத்தில் இருக்கும் முகத்தைக் கிட்டே இழுத்துவருகிற ஜூம். மூன்றாவது, தனியாக மைக் செருக ஒரு துளை. மலிவான கேமராக்களில் முதலில் வெட்டுவது அதைத்தான். நான்காவது, பதிவாகும்போது முன்னால் எரிகிற சிவப்பு விளக்கை அணைக்க வழி இருக்க வேண்டும். அந்த விளக்கைப் பார்த்ததும் நடிக்கிறவர்களுக்கு முகம் விறைத்துப்போகும்.

இந்த நான்கும் கிடைத்தன. கிடைக்காதது ஒன்று. லென்ஸைச் சுற்றி, கையால் ஃபோகஸ் திருப்புகிற வளையம் இல்லை. கேமரா தானாகவே பார்த்துத் தானாகவே கூர்மையாக்கிக்கொள்ளும். அந்த விலைக்கு அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். அது தப்பான முடிவு, ஆனால் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதல் நாள் அந்த அடித்தள அறையில் பரிசோதனை செய்து பார்த்தோம். மெர்ல் தாடி ஒட்டிக்கொண்டு, கெட்ச்சப்பை நெற்றியில் பூசிக்கொண்டு வீராவேசமாக வசனம் பேசினான். அதைப் பெரிய டிவியில் போட்டதும் கிளப்பே சிரித்து உருண்டது.

"மெர்ல், உன் தாடிக்கு அந்தப் பக்கம் உன் நெஜத் தாடை தெரியுது," என்றாள் லவோன். "அந்த ரத்தத்துல தக்காளி விதைகூடத் தெரியுதுப்பா."

"யோவ் ஆரின்," என்றான் மெர்ல், "இது கேமராவா, டாக்டர் கண்ணாடியா? என் மூக்குல இருக்கிற ஓட்டையெல்லாம் எண்ணலாம் போலிருக்கே."

நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இனிமேல் பொய்யாக எதையும் காட்ட முடியாது. இந்தக் கேமராவுக்கு முன்னால் வைப்பது நிஜமாக இருந்தால்தான் நிஜமாகத் தெரியும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, கேமராதான் சொன்னது.

லவோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் தெரியும், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் உங்கள் பிள்ளைகளுக்கும் அவள்தான் பரிமாறுகிறாள். அவளும் நானும் ஒரே வகுப்பு. பள்ளி நாடகங்களில் அவள் ராணியாக வருவாள், நான் திரை இழுப்பேன். அவள் மகன் காரெட் அப்போது ஈராக்கில் இருந்தான். அவள் வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரக் கொடி தொங்கும், மகன் பட்டாளத்தில் இருக்கிறான் என்பதற்கு அடையாளமாக.

எங்கள் படமும் ஒரு தாயைப் பற்றியதுதான். மகன் போர்முனையில் இருக்கிறான், அவள் சோளம் விதைக்கிறாள், அடுப்பைத் துடைக்கிறாள், காத்திருக்கிறாள். கடைசியில் சீருடையில் இரண்டு அதிகாரிகள் வாசலுக்கு வருகிறார்கள். அவர்கள் வாய் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் எழுதியதிலேயே சிறந்த காட்சி அது. பனிக்காலத்தில் அதைக் கிளப்பில் படித்துக் காட்டினேன். லவோன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆரின், எல்லாத்தையும் பண்றேன்," என்றாள். "மழையில நிக்கச் சொல்லு, நிக்கிறேன். சேத்துல விழச் சொல்லு, விழுறேன். அந்தக் கதவு சீன் மட்டும் வேண்டாம்."

"நடிப்புதானே லவோன்."

"உனக்கு நடிப்பு. எனக்கு அது தெனமும் காலையில கண்ணு முழிச்சதும் வர்ற நெனப்பு."

"பரவால்ல, விடு," என்றேன். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று அர்த்தம். எல்லோரும் எலுமிச்சை கேக் எடுத்துக்கொள்ளப் போய்விட்டார்கள். லவோன் செய்கிற எலுமிச்சை கேக் அருமையாக இருக்கும்.

இது கேமரா வாங்குவதற்கு முன்பு நடந்தது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

மற்றக் காட்சிகளையெல்லாம் சந்தோஷமாகவே எடுத்தோம். லவோன் வீட்டிலேயே படப்பிடிப்பு. ஒரு நாள் பக்கத்துப் பண்ணையின் ஆடு வந்து மெர்லின் தாடியைத் தின்றுவிட்டது. இன்னொரு நாள் நாங்கள் சோகமாக எடுத்துக்கொண்டிருந்த காட்சிக்கு நடுவில் ஐஸ்கிரீம் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. எனக்கும் லவோனுக்கும் ஒரே ஒரு சண்டைதான். அவள் சமையலறை வாசல்படியில் ஒரு தூண் இருக்கிறது. அவள் எப்போதும் சரியாக அதன் நிழலில் போய் நிற்பாள்.

"லவோன், எடது பக்கம் ஒரு அடி. தூண் நிழல் மூஞ்சில விழுது."

"சோகமா இருக்கிறவ நெழல் பாத்தா நிப்பா?"

"நீ சோகமா இருக்கிறது தெரியணும்னா வெளிச்சம் வேணும். ஒரே ஒரு அடி."

"நீ என்னைக்காவது என் அடுப்புல வந்து கரண்டிய எடது பக்கமாக் கிண்டுன்னு சொல்லுவ," என்பாள். ஆனாலும் நகர்வாள். படம் முழுக்க இந்தப் பேச்சுதான்.

கடைசியில் அந்தக் கதவுக் காட்சி மட்டும் மிச்சம் இருந்தது. வேறொரு பெண்ணுக்கு லவோனின் உடையை மாட்டி, முதுகுப்பக்கமாக எடுக்கலாம் என்று மெர்ல் யோசனை சொன்னான். எடுத்துப் பார்த்தோம். அந்தத் துல்லியத்தில் ஒவ்வொரு முடியும் இது லவோன் இல்லை என்று சொன்னது. அதனால் நியாயமாக யோசித்தால் ஒரே வழிதான் இருந்தது. லவோன்தான் வேண்டும், ஆனால் இது படம் என்று லவோனுக்குத் தெரியக்கூடாது.

நான் அவசரப்படவில்லை. எந்த மனிதரையும் தேவையில்லாமல் சம்பந்தப்படுத்தவும் இல்லை. பக்கத்து ஊர் நாடகக்குழுவிலிருந்து, லவோன் பார்த்தே இராத இரண்டு பேரை அழைத்து வந்தேன். அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும், ஒத்திகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நேராக எடுத்துவிடலாம் என்று அவர்களிடம் சொன்னேன். பாவம், நல்ல மனிதர்கள், நம்பிவிட்டார்கள். சீருடைகளை நகரத்தில் உடை வாடகைக்கு விடும் கடையில் எடுத்தேன். அவர்களில் மூத்தவரின் சட்டைக்குள் கம்பியில்லாத மைக்கை வைத்து, அதன் ரிசீவரைக் கேமராவில் செருகினேன். அந்தத் துளை அப்போது எவ்வளவு உதவியது என்று உங்களுக்குப் புரியும்.

மீன்பிடி சீசன் திறக்கும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைக்கு நம் ஊரில் ஆண்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். மெர்ல் வீடு லவோன் வீட்டுக்கு எதிரே. புல்வெட்டும் எந்திரம் வேண்டும் என்று சொல்லி அவன் கராஜ் சாவியை வாங்கி வைத்திருந்தேன். கராஜ் கதவை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவைத்து, பழைய கம்பளத்தை விரித்து, அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். அங்கிருந்து லவோனின் சமையலறைக் கதவு நேராகத் தெரியும். காலை வெயில் அந்தப் படியில் அழகாக விழும். ஜூமை இழுத்தேன், சிவப்பு விளக்கை அணைத்தேன். அந்த நான்கு விஷயங்களையும் நான் எவ்வளவு சரியாகக் கணித்திருந்தேன் என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு பேரும் நடந்து போனார்கள். சமையலறைக் கதவைத் தட்டினார்கள். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது, அது நின்றது. லவோன் வலைக்கதவுக்குப் பின்னால் வந்தாள்.

இங்கேதான் அந்த ஃபோகஸ் வளையம் இல்லாத குறை என்னைக் காலைவாரிவிட்டது. கேமரா லவோனைப் பார்க்காமல் அவளுக்கு முன்னால் இருந்த வலையைப் பார்த்துவிட்டது. கொசுவலையின் ஒவ்வொரு கம்பியும் தெரிந்தது, அதற்குப் பின்னால் அவள் முகம் வெறும் வெள்ளைத் திட்டு. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள், கேமரா அவளைப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு எல்லாம் கண்ணாடி போலத் தெளிவு. அவள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கைகள் ஏப்ரனைப் பிடித்துப் பிசைந்தன. அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்து அழுதாள். அந்த மாதிரி ஓர் அழுகையை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. மூத்தவரின் மைக் வழியாக ஒவ்வொரு விசும்பலும் என் ஹெட்ஃபோனில் கேட்டது. அந்த இரண்டு பேரும் பயந்துபோய்த் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கட் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். டேப் இன்னும் மிச்சம் இருந்தது.

கடைசியில் அவளேதான் அழுகையை நிறுத்தினாள். மூக்கை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எழுந்தாள், அந்த இரண்டு பேரையும் காபி குடிக்கச் சொல்லிச் சமையலறையைக் காட்டினாள். அவர்கள் நம் ஊர் வழக்கப்படி இரண்டு முறை மறுக்காமல் முதல் தடவையிலேயே சரி என்று உள்ளே போய்விட்டார்கள், நாடகக்காரர்கள். லவோன் தெருவைக் கடந்து நேராக வந்து கராஜ் கதவைத் தூக்கினாள். நான் குப்புறப் படுத்தபடியே நிமிர்ந்து பார்த்தேன்.

"கட் சொல்ல மறந்துட்டியா, ஆரின்? எவ்வளவு நேரந்தான் அழுறது? முட்டி வலிக்குது."

"உனக்கு எப்படி…"

"பட்டாளத்துக்காரங்க முன்வாசலுக்குத்தான் வருவாங்க. சமையக்கட்டுக் கதவத் தட்டுறவன் நம்ம ஊர்க்காரன், இல்லேன்னா நம்ம ஊர்க்காரன் அனுப்பி வெச்சவன்."

உண்மைதான், எங்கள் ஊரில் முன்வாசலை யாரும் பயன்படுத்துவதில்லை. கல்யாணம் பேச வருகிறவர்கூடச் சமையலறை வழியாகத்தான் வருவார். லவோனின் முன்வாசலை மறைத்துக்கொண்டு வருஷக்கணக்காக ஒரு பழைய ஃப்ரீசர் கிடந்தது. வெளிச்சமும் அந்தப் பக்கம் சரியில்லை. அதனால் முன்வாசல் என்ற ஒன்று எனக்கு நினைவுக்கே வரவில்லை.

"காரெட் போன அன்னிக்கே அந்த ஃப்ரீசர நகத்தினேன்," என்றாள். "எதுக்குன்னு நெனச்ச?"

"தரையப் பெருக்கன்னு நெனச்சேன்."

அவள் என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தாள். என் கையைக் கேமராவை விட்டு நான் இன்னும் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"கேட்டுக்க. வலைக்கு அந்தாண்ட அந்த உடுப்பப் பாத்தேன் பாரு, அந்த ஒரு நிமிஷம் நான் செத்துட்டேன். அது என்னோடது. அத வெட்டிரு. அப்புறம் அழுததெல்லாம் நடிப்பு. ஆத்திரத்துல நடிச்சது. அத நீ வெச்சுக்க. இவ்வளவு நல்லா இனிமே என்னால அழ முடியாது."

வெட்டிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். அந்தப் பகுதி எப்படியும் மங்கலாகத்தான் இருந்தது.

அதோடு சரி. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கிளப்புக்கு வழக்கம்போல வந்தாள், எலுமிச்சை கேக் கொண்டுவந்தாள். தட்டு மட்டும் என்னைத் தாண்டி மெர்லிடம் போய்விடும். முதல் வாரம் தற்செயல் என்று நினைத்தேன். இப்போது வரை அந்தத் தட்டு என் பக்கம் வரவில்லை. மெர்ல் குண்டாகிவிட்டான்.

இதற்கிடையில் காரெட் முழுசாக வீடு வந்து சேர்ந்தான். நானும் போய்க் கைகொடுத்தேன். எனக்கும் மகிழ்ச்சிதான், ஷெரிஃப். அந்தப் பையனுக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

இனி மாவட்டக் கண்காட்சிக்கு வருகிறேன். இந்த வருஷம் ஜாம், பூசணி, ஒட்டுப்போர்வைப் போட்டிகளோடு குறும்படத்துக்கும் ரிப்பன் தருவதாக அறிவித்திருந்தார்கள். எங்கள் படத்தைக் கூடாரத்தில் போட்டார்கள். கடைசிக் காட்சியில் கூடாரமே மூக்கை உறிஞ்சியது. கார்ன் டாக் தின்றுகொண்டிருந்த காரெட் தின்பதை நிறுத்திவிட்டு, "அம்மா, நீ அழுததப் பாத்துட்டு நான் உசுரோடதான் இருக்கேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு," என்றான். லவோன் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

நடுவராக வந்த அம்மாள் கல்லூரியில் நாடகம் கற்பிக்கிறவர். முதல் பரிசான நீல ரிப்பனை லவோனுக்குக் கொடுத்தார், நடிப்புக்காக. ஒலிபெருக்கியில் இப்படிச் சொன்னார்: "இந்த மாதிரி ஒரு நடிகை கிடைச்சா, டைரக்டர் கேமராவ ஆன் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிடலாம்." எல்லோரும் சிரித்தார்கள். மெர்ல் என் முதுகில் தட்டினான். எனக்குக் கிடைத்தது வெள்ளை ரிப்பன், பங்கேற்றதற்கு. அதை ஒரு ஜாம் பாட்டிலுக்கும் கோணல் பூசணிக்கும் நடுவில் குத்திவைத்திருந்தார்கள்.

அதனால்தான் வந்தேன் என்று நினைக்காதீர்கள். மனசாட்சிதான் என்னை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது. ஒரு தாயிடம் அவள் மகன் செத்துவிட்டான் என்று காட்டி, அவள் துடித்ததைப் படம் பிடித்தேன். திட்டமிட்டுச் செய்தேன். அதற்கென்றே கேமரா வாங்கினேன். இதைவிட வெளிப்படையாக யாரும் ஒத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த அழுகை உண்மை என்றால், அது நடிப்பு இல்லை. நடிப்பு இல்லை என்றால் நடிப்புக்கான நீல ரிப்பன் அவள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் தொங்குவது முறையில்லை. அந்தக் கண்ணீரை வரவழைத்தது யார் என்பதைக் கண்காட்சிக் குழு தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

நீங்கள் வெளியே போய் அவளுக்கு ஃபோன் செய்துவிட்டு வந்தீர்கள்.

"லவோன்கிட்ட கேட்டேன். சிரிக்கிறாங்க," என்றீர்கள். "புகார் எதுவும் கெடையாதாம். நடிச்சேன்னுதான் சொல்றாங்க. நீங்க குத்தவாளி இல்லன்னு அவங்க சொல்றாங்க, குத்தவாளிதான்னு நீங்க அடம் பிடிக்கிறீங்க. நான் என்னங்க எழுதுறது?"

அவள் சொல்வதை நம்பாதீர்கள். அவள் பெருந்தன்மைக்காரி, என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். என் தொழிலே சேதத்தை மதிப்பிடுவது, ஷெரிஃப். அந்தச் சேதம் முழுமையானது. அதைச் செய்தவன் நான். உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம் என்றுதான் மூல டேப்பையே கொண்டுவந்தேன். வெட்டாத டேப்.

நீங்கள் அதை இரண்டு முறை போட்டுப் பார்த்தீர்கள், பிறகு திரையில் விரல் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். அவள் வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறாள். நேராக மெர்லின் கராஜைப் பார்க்கிறாள். அழத் தொடங்குவதற்கு முன்னால் தூண் நிழலைவிட்டு இடது பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கிறாள், முழு வெயில் முகத்தில் விழும்படி. அது ஏன் என்று கேட்டீர்கள்.

அதற்கு அர்த்தமே இல்லை, ஷெரிஃப். துக்கத்தில் இருக்கிறவள் நிழல் பார்த்தா நிற்பாள்?